தோம்போக்கைத் தூங்கவைத்தவள்

பொம்மையின் உட்புறம் கதகதப்பாக இருந்தது.

மஸ்தூரா கையை அப்படியே நிறுத்தினாள். மேடைப் பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்து, தொட்டிலின் அடித்துளை வழியாக முழங்கை வரை கையை மேலே நுழைத்திருந்தாள். சனியும் ஞாயிறும் ஸ்டுடியோ பூட்டிக் கிடந்தது. தாஷ்கண்டில் அந்த ஜனவரியில் டிராம் கம்பிகளில்கூடப் பனி தொங்கிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமைகளில் அந்த நுரை ரப்பர் ஈரத் துணியைப் போலச் சில்லிட்டுக் கிடக்கும், விரல்களால் அதைச் சூடாக்கவே கால் மணி நேரம் ஆகும். இன்று, யாரோ இப்போதுதான் கையை உருவிக்கொண்டு போனதுபோல் இருந்தது.

"அக்கா, நீங்க இவனைப் போட்டுப் பாத்தீங்களா?"

"யாரை? உன் பிள்ளையையா?" முஹாப்பத் மேடைக்குப் பின்னால் முட்டி போட்டு உட்கார்ந்து தான் குரல் கொடுத்து ஆட்டும் தாய்ப்பொம்மைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். "என் கை அதுக்குள்ள போகுமா? அஞ்சு பிள்ளைக்கு மாவு பிசைஞ்ச கை இது. போட்டா அவன் வெடிச்சிருவான்."

"உள்ள சூடா இருக்கான்."

சீப்பின் சத்தம் நின்றது.

"விளக்குச் சூடா இருக்கும்" என்றாள் முஹாப்பத்.

விளக்குகளை இன்னும் யாரும் போடவில்லை. அது இரண்டு பேருக்குமே தெரியும்.

பொம்மையின் பெயர் தோம்போக், கொழுகொழுவென்று இருப்பவன் என்று அர்த்தம். மாலை ஏழே முக்காலுக்கு, எட்டு மணிச் செய்திக்கு முன்னால், பதினைந்து நிமிட நேரடி ஒளிபரப்பு. தோம்போக் தூங்க மாட்டேன் என்பான், அம்மா கதை சொல்வாள், பிறகு தாலாட்டுப் பாடியபடி தொட்டிலை ஆட்டுவாள், அவன் தூங்கிப்போவான். அவ்வளவுதான். ஒன்பது வருடமாக அதே பதினைந்து நிமிடம். வளைந்த கால்களில் ஆடும் பழைய மரத் தொட்டில் அது. குழந்தையின் மூத்திரம் இறங்க அடியில் விட்டிருக்கும் துளைதான் மஸ்தூராவின் கைக்கு வழி. தொட்டில் ஆடினால் அவள் கையும் ஆடும். அவள் பார்ப்பதெல்லாம் தலைமாட்டில் வைத்த சிறிய மானிட்டரை மட்டுமே.

ஒரு பொம்மையை ஓடவைப்பது எளிது. தூங்கவைப்பதுதான் கடினம். முதலில் தோள் ஒரு நகக்கண் அளவு இறங்க வேண்டும். இமை பாதி இறங்கி, திருட்டுத்தனம் பிடிபட்டதுபோல் சட்டென்று மேலே போக வேண்டும். நெஞ்சுக்கடியில் பெருவிரலை அழுத்தி விடுவதுதான் மூச்சு, அது மெல்ல மெல்ல நீள வேண்டும். தூக்கத்துக்குள் விழும் நொடியில், இருட்டில் படி தவறியவனைப் போல் உடம்பு ஒரு முறை தூக்கிப்போட வேண்டும். அந்த ஒரு துள்ளலுக்காகத்தான் மூட்டை மூட்டையாகக் கடிதங்கள் வந்தன. தோம்போக் தூங்கினால் எங்கள் வீட்டில் மூன்றும் தூங்கிவிடுகின்றன என்று சமர்கண்டிலிருந்து ஒருத்தி எழுதியிருந்தாள். என் மகன் அவனோடு சேர்ந்தே மூச்சு விடுகிறான் என்று இன்னொருத்தி.

மஸ்தூரா இடது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். பருத்தி திணித்த தளர்ந்த அங்கிக்குள் ஐந்து மாதம் ஒளிந்திருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம். இரண்டு தங்கவில்லை. இது தங்கியிருந்தது, பதினைந்து நாளாக உதைக்கவும் உதைத்தது. முஹாப்பத் மட்டும் கண்டுபிடித்திருந்தாள். மற்றவர்களுக்குத் தெரிந்தால், மல்லாந்து படுக்கும் இந்த வேலையிலிருந்து எழுப்பிக் கடிதம் பிரிக்கும் மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். தோம்போக்கின் கை வேறொருத்தியின் கையாகிவிடும்.

அந்தப் பயத்தில்தான் போன வெள்ளிக்கிழமை அவள் அதைச் செய்தாள்.

அன்று தோம்போக் இமை நூல் அறுந்து பட்டறையில் இருந்தான். இயக்குநர் தோஹிருக்குப் புது விளக்கின் நிழலைப் பார்க்க வேண்டியிருந்தது.

"தொட்டில ஆட்டுங்க. பாட்டு முழுக்க ஆடட்டும்."

"பிள்ளை இல்லாமலா?" என்றாள் முஹாப்பத்.

"அக்கா, அதுல என்னைக்குப் பிள்ளை இருந்துச்சு? ரப்பர்தானே இருந்துச்சு."

"ரப்பரோ பஞ்சோ, ஏதோ ஒண்ணு இருக்கணும். வெறுந்தொட்டில ஆட்டினா, இடம் காலியா இருக்கு வான்னு கூப்பிட்ட மாதிரி. அதுவும் காசுக்கு வாங்கின தொட்டில். பேரன் பேத்திக்குன்னு எடுத்து வைக்காம எந்த வீட்டுல தொட்டில வித்தாங்க, ஏன் வித்தாங்கன்னு கேட்டியா நீ? நான் ஆட்ட மாட்டேன். வேணும்னா எழுதிக்குடு, வீட்டுக்குப் போறேன்."

"ராக்கெட் விடுற காலத்துல இருக்கோம், இந்த அம்மாவைப் பாரு. மஸ்தூரா, நீ ஆட்டும்மா."

அந்த ஊரில் எந்தப் பெண்ணும் மாட்டேன் என்றுதான் சொல்லியிருப்பாள். வயிற்றில் பிள்ளை இருப்பவள் கத்தியே இருப்பாள். அதனால்தான் மஸ்தூரா கத்தவில்லை. முகம் வெளுத்தால் தோஹிரின் பார்வை முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கும். அவள் சிரித்தாள். தொட்டிலின் கைக்கட்டையைப் பிடித்து ஆட்டினாள். நான்கு நிமிடம். டக், டக், டக் என்று லேசாக, காலிப் பெட்டியைப் போல ஆடிய கால்கள், மூன்றாவது நிமிடத்தில் சத்தத்தை மாற்றிக்கொண்டன. மெதுவாக. கனமாக. உள்ளே எதையோ வைத்ததுபோல்.

நிழல் அருமையாக விழுகிறது என்றார் தோஹிர்.

செவ்வாய்க்கிழமை இமைகள் அவளுக்கு முன்பே இறங்கின.

ஆள்காட்டி விரலில் மாட்டிய நூல் வளையத்தை அவள் இன்னும் இழுக்கவில்லை. மானிட்டரில் தோம்போக் கண்ணை மூடித் திறந்தான். புது நூல், இழுவை கூடுதல் என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் அவன் நெஞ்சும் அவள் பெருவிரலோடு சேராமல், ஒரு கணம் பிந்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கழுத்து மடிப்பிலிருந்து ரப்பரும் பசையும் அல்லாத ஒரு வாசனை துளை வழியாகக் கீழே இறங்கியது. பால் குடித்துக் கக்கிய துணியின் புளித்த வாசனை.

இரவுச் சாப்பாட்டில் அவள் கணவன் எர்கின் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னான்: "இன்னிக்கு டிப்போவுல டிரைவருங்க எல்லாம் சேந்து பாத்தோம். உன் ஆளு அம்மாவைப் பாக்கவே இல்லையே. கீழேயே பாத்துக்கிட்டு இருந்தான்."

"கீழேன்னா?"

"தொட்டிலுக்குள்ள, தன் காலுக்கு அந்தப் பக்கம். நீ அங்கதானே படுத்திருப்ப? 'ஏ எர்கின், உன் பொண்டாட்டிய அந்தப் பய தேடுறான்டா'ன்னு ஒரே சிரிப்பு. புதுசா யோசிச்சியா? நல்லா இருந்துச்சு."

அவள் தலையை அப்படி ஒருமுறைகூடத் திருப்பவில்லை. நல்லா இருந்துச்சா என்று கேட்டுவிட்டு, தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் எண்ணத் தொடங்கினாள். ஒத்திகையில் கையை நுழைத்ததும், வயிற்றுக்குள் இருந்த அசைவு நின்றது. கதை முழுக்க இல்லை. பாட்டின் முதல் பாதி முழுக்க இல்லை. தோம்போக் தூங்கி விழுந்த நொடியில், அந்தத் துள்ளலோடு, உள்ளே ஓர் உதை. பிறகு இன்னொன்று. தற்செயல் என்று நினைக்க முயன்றாள். ஒளிபரப்பிலும் அதேபோல் நடந்தது. அவன் விழித்திருக்கும்வரை அவள் வயிறு குளத்துத் தண்ணீர்போல் கிடந்தது.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து வயிற்றில் அசைவே இல்லை.

இனிப்புத் தேநீர் குடித்தாள். இடது பக்கம் படுத்தாள். குளிர்ந்த கரண்டியை வயிற்றில் வைத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. கருச்சிதைவின் அந்தப் பழைய அமைதியை அவள் உடம்பு அறியும், இரண்டு தடவை அறியும். பதினொரு மணிக்கு, யாரும் வராத ஸ்டுடியோவின் பொம்மை அலமாரியைத் திறந்தாள். நேற்று இமையை மூடி, துணி போர்த்தி வைத்திருந்தாள். துணி கீழே கிடந்தது. தோம்போக் கண்ணைத் திறந்துகொண்டிருந்தான். அலமாரியின் இருட்டில், கதவு திறக்கும் பக்கமாகத் தலையைத் திருப்பி, காத்திருக்கும் பிள்ளையைப் போல.

அவள் ஓடவில்லை. ஓடுவதற்கு அவளிடம் நேரம் இல்லை. பிஸ்மில்லா சொல்லிக் கையை நுழைத்தாள், சூடான அந்த உட்புறத்துக்குள். மடியில் படுக்கவைத்து வாய்க்குள்ளேயே முனகிப் பாடினாள். தோள். இமை. மூச்சு. அவன் எளிதில் விடவில்லை, இருபது நிமிடம் பிடித்தான். கடைசியில் துள்ளி விழுந்தான்.

வயிற்றில் பிள்ளை உதைத்தது.

"அப்ப ரெண்டு பேருக்கும் முழிப்பு ஒண்ணுதான்" என்றாள் முஹாப்பத், எல்லாவற்றையும் கேட்டுவிட்டு. உடை மாற்றும் அறையில் திருஷ்டி கழிக்கும் இசிரிக் செடியைச் சட்டியில் போட்டுப் புகைய விட்டிருந்தாள், கண் எரிந்தது. "இவன் எடுத்துக்கிட்டா அதுக்கு இல்ல. அது எடுத்துக்கிட்டா இவனுக்கு இல்ல."

"எரிச்சிரலாமாக்கா?"

"முழிச்சிருக்கிறப்ப எரிச்சா? அந்த முழிப்போட அப்படியே போயிட்டான்னா, உன் வயித்துல இருக்கிறதுக்கு எங்கேருந்து வரும்?"

"தூங்கறப்ப?"

"சூடு பட்டா எந்தப் பிள்ளை தூங்கும்?"

மஸ்தூரா அழத் தொடங்கினாள். முஹாப்பத் அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாத கண்ணு. நான் அப்பவே அந்தத் தோஹிர் தலையில தொட்டில கவுத்திருக்கணும். இங்க பாரு. இந்த நாட்டுல உன்னை மாதிரித் தூங்கவைக்கிறவ யாரு இருக்கா? நாளைக்கு நான் பாடுறேன். நீ தூங்கவை. சும்மா இல்ல. திரும்ப முழிக்காத மாதிரி."

"அப்படி ஒரு தூக்கம் இருக்காக்கா?"

"உன் கைக்குத் தெரியும்."

வெள்ளிக்கிழமை ஏழே முக்கால். சிவப்பு விளக்கு எரிந்தது. மேலே விளக்குகளின் சூட்டில் தூசி கருகும் வாசனை, கீழே பலகையின் குளிர், ஹெட்போனில் தோஹிரின் மூச்சு, அவற்றுக்கெல்லாம் நடுவே துளை வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கும் புளித்த பால் வாசனை. காலையிலிருந்து வயிறு அசையவில்லை. கை நுழைந்தபோது பொம்மை கனத்தது. நுரை ரப்பர் அல்ல, பால் குடித்து நிறைந்த ஆறு மாதப் பிள்ளையின் கனம். முஹாப்பத் கதையைச் சுருக்கினாள். பாட்டுக்கு வந்தாள். தொட்டில் ஆடத் தொடங்கியது.

தோள் இறங்கியது. தோம்போக் அதை மேலே தூக்கினான். இமையை இழுத்தாள், அவன் திறந்தான். மானிட்டரில் அவன் தலை மெதுவாகக் கீழே திரும்பியது. நாட்டில் எல்லா வீட்டுக் குழந்தைகளும் பார்த்திருக்க, தன் காலுக்கு அப்பால், துளையைப் பார்த்தான். துளைக்குக் கீழே மல்லாந்து கிடக்கும் அவளைப் பார்த்தான். பொம்மைக்குள்ளே, ரப்பரைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், அவள் ஆள்காட்டி விரலை ஏதோ ஒன்று சுற்றிப் பிடித்தது. சின்னதாக. ஈரமாக. இறுக்கமாக.

அவள் விரலை இழுக்கவில்லை.

"தூங்கு" என்றாள் உதட்டசைவில்.

பெருவிரலால் அழுத்தினாள். மூச்சு. நான்கு எண்ணி விட்டாள். மறுபடி. ஏழு. தொட்டில் ஆடியது. பதினொன்று. அவன் இமை நடுங்கியது. பதினைந்து. துள்ளல் வந்தது. வழக்கமாக அங்கே நிறுத்துவாள். இன்று நிறுத்தவில்லை. தூக்கத்துக்குக் கீழே இன்னொரு படி இருந்தது. அவள் கைக்குத் தெரிந்திருந்தது. இறக்கினாள். இருபது. பிடி தளர்ந்தது.

மானிட்டரில் படம் சாய்ந்தது. கேமராக்காரன் நெற்றியைக் கேமராவிலேயே சாய்த்துவிட்டான்.

"மஸ்தூரா..." ஹெட்போனில் தோஹிரின் குரல் குழறியது. "போதும்மா... இப்படி... நானே..." கொட்டாவி. பிறகு மூச்சு மட்டும்.

முஹாப்பத்தின் பாட்டு இழுபட்டது. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி. பாட்டு தரையில் தவழ்ந்தது.

மஸ்தூராவுக்குப் புரிந்தது. இது இந்தத் தொட்டிலோடு நிற்கவில்லை. கேமரா வழியாக வெளியேயும் போய்க்கொண்டிருக்கிறது. அவள் நிறுத்தியிருக்கலாம். விரலை உயர்த்தினால் போதும். அவன் விழித்துக்கொள்வான்.

வயிறு இன்னும் அசையவில்லை.

இன்னும் ஒரு படி.

முப்பது. நாற்பது.

விரலைச் சுற்றியிருந்தது அவிழ்ந்தது. பொம்மை இலேசானது. குளிர்ந்தது. அவள் கையின்மேல் நுரை ரப்பர் மட்டும் இருந்தது.

உதை. விலா எலும்புக்குக் கீழே. இன்னொன்று. இதுவரை இல்லாத பலத்துடன், திரும்பிப் படுத்து, நீந்தி, மறுபடி உதை.

சிவப்பு விளக்கு அணைந்தது. செய்தியின் இசை கேட்டது. மஸ்தூரா கையை உருவிக்கொண்டு, மேடைக்குக் கீழே, வாயைப் பொத்திச் சிரித்தாள், அழுதாள். முஹாப்பத் தொட்டில் கட்டையில் தலை வைத்துக் கிடந்தாள். மஸ்தூரா குலுக்கியதும் எழுந்தாள். கேமராக்காரன் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு வெட்கப்பட்டான். "அடேயப்பா" என்று தோஹிர் கண்ணைக் கசக்கியபடி வந்தார். "என்னம்மா பண்ணின? நானே தூங்கிட்டேன். பாராட்டணுமா, திட்டணுமான்னு தெரியல."

நடைகூடத்தில் டெலிபோன் அடித்தது.

"பாத்தியா, பாராட்டுதான்" என்று போய் எடுத்தார் தோஹிர். "ஆமா, தோம்போக்தான். பாத்தீங்களா? தூங்கிட்டானா? நல்லதுதானேம்மா... எழுப்பினீங்களா? எதுக்கு? ... தண்ணி தெளிச்சா? ... மூச்சு இருக்கில்ல?"

பக்கத்து மேசை டெலிபோன் அடித்தது. மஸ்தூராவோடு பின்னாலேயே வந்த முஹாப்பத் எடுத்தாள். "அழாம சொல்லுங்க. எத்தனை வயசு? ... ரெண்டு பேருமேவா?"

மூன்றாவது. மாடியில் ஒன்று. கீழ்த்தளத்தில் ஒன்று. கட்டிடம் முழுக்க.

"சமர்கண்ட்" என்றார் தோஹிர், ரிசீவரைப் பொத்திக்கொண்டு. முகத்தில் ரத்தமே இல்லை. "ஃபெர்கானா. இங்க பக்கத்துத் தெரு. மூச்சு இருக்காம். ஆனா ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவுல எண்ணிப் பாத்தாளாம் ஒருத்தி. நாப்பது." ரிசீவரைக் கீழே வைத்தார். "பெரியவங்க எல்லாரும் எந்திரிச்சிட்டோம். பிள்ளைங்க மட்டும்... மஸ்தூரா, அவனை எழுப்பு. செய்திய நிறுத்தச் சொல்றேன். நேரா ஒளிபரப்புறேன். போய்ப் படு. எழுப்பு."

அவள் அசையவில்லை.

"காது கேக்கலையா? எழுப்பினா எல்லாம் எந்திரிக்கும். ஒரு பொம்மைக் கண்ணைத் திறக்கிறதுக்கு இவ்ளோ யோசனையா?"

முஹாப்பத் ரிசீவரைப் பிடித்தபடி அவளைப் பார்த்தாள். அதற்குள் யாரோ ஒரு தாய் அலறுவது எல்லோருக்கும் கேட்டது. "கண்ணு..." என்றாள் முஹாப்பத். எழுப்பு என்றும் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

மஸ்தூரா பின்னால் நகர்ந்தாள். முதுகு ஜன்னலில் இடித்தது. வலது கையை அங்கிக்குள் இழுத்து, வெறும் வயிற்றின்மேல் வைத்து மூடிக்கொண்டாள்.

"கையக் குடும்மா" என்று தோஹிர் கெஞ்சினார். "அந்தக் கை வேணும். கைய வெளிய எடு."

அவள் முகத்தைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

எதிரே ஒன்பது மாடிக் குடியிருப்பு. ஜன்னல் ஒவ்வொன்றாக வெளிச்சமானது. வாசற்கதவுகள் திறந்தன. வீட்டுச் செருப்போடு ஆட்கள் பனிக்குள் இறங்கினார்கள், தலையில் துணி இல்லாத பெண்கள், பனியனோடு ஆண்கள். எல்லோர் கையிலும் பிள்ளைகள். தலைகள் பின்னால் தொங்கின. கைகால்கள் நடைக்கு நடை ஆடின. உள்ளிருந்து கையை உருவிவிட்டால் உடம்பு எப்படித் தொங்கும் என்று அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் அந்த ஊரில் இல்லை.

ஒரு டிராம் நின்றது. அதிலிருந்தும் இறங்கினார்கள். தண்டவாளத்தைத் தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல், எல்லோரும் இந்தக் கட்டிடத்தின் வெளிச்சத்தை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவள் நிமிர்ந்து, ஜன்னலில் நிற்கும் மஸ்தூராவைப் பார்த்தாள். தன் பிள்ளையை இரண்டு கைகளாலும் உயரத் தூக்கிக் காட்டினாள்.

உள்ளங்கைக்குக் கீழே, வயிற்றில், குழந்தை நன்றாக உதைத்தது.